டாக்கோவா, கேசடியாவா, சோறா? செங்கோட்டை அடுப்பில் நான்கு நாள் மெக்சிகோ

புனலூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் போன லீவில் நான்கு நாள் செங்கோட்டைக்கு வந்திருந்தார்கள். ஆரியங்காவு வழியாக மலை இறங்கி வந்தால் முதல் ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் என்பதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை பெரியவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "சித்தி, நமக்கு டாக்கோ உண்டாக்கலாமா?" என்றாள். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு மாலில் தின்றிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சாம். அக்கா தனக்கு ஆகாது என்று என் தலையில் கட்டி அனுப்பிவிட்டாள்.

சரி என்று ஒத்துக்கொண்டேன். நான்கு நாளில் நான்கு விதம் செய்து பார்த்தோம்: மக்காச்சோள ரொட்டிக்குள் கறி வைத்து மடிக்கிற டாக்கோ, ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துச் சுடுகிற கேசடியா, சிப்ஸின்மேல் சீஸ் போட்டுத் தின்கிற நாச்சோஸ், அப்புறம் சோற்றின் மேல் எல்லாவற்றையும் போட்டுக் கிண்ணத்தில் தின்கிற புரிட்டோ பௌல். வீட்டில் முதல்முறை மெக்சிகோ பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் எதில் தொடங்கலாம் என்று யோசிப்பார்கள் இல்லையா, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேவையான சாமான் எல்லாம் தென்காசி, செங்கோட்டைக் கடைகளில் கிடைக்கிறதுதான், ஆன்லைனில் ஆர்டர் போட்டு எதையும் வரவழைக்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரநாள் என்றால் சோறு. மத்தியானச் சப்பாத்தி மிச்சம் இருந்தால் கேசடியா. ஞாயிற்றுக்கிழமை, கூடமாட ஒத்தாசைக்கு ஆளும் இருக்கிறது என்றால் டாக்கோ. நாச்சோஸ் சாப்பாடு இல்லை, சாயங்காலக் கொறிப்பு, அதை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நான்கில் எதை எடுத்தாலும் அதன் தலையெழுத்து மேலே போடுகிற சல்சா என்கிற தக்காளிச் சட்னியில்தான் இருக்கிறது. சல்சா சரியாக அமைந்தால் வெறும் சோற்றுக்கும் அந்த ருசி வந்துவிடுகிறது. அமையாவிட்டால் எவ்வளவு சீஸைக் கொட்டினாலும் அது பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் சப்பாத்தி ரோல்தான்.

அதனால் சல்சாவை முதலில் முடித்துவிடுகிறேன். தோசைக்கல்லை எண்ணெய் விடாமல் நன்றாகக் காயவைத்து, நன்றாகப் பழுத்த தக்காளி நான்கு, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயம் ஒன்று, தோல் உரிக்காத பூண்டு நான்கு பல், பச்சைமிளகாய் இரண்டு, எல்லாவற்றையும் அதில் போட்டு உருட்டி உருட்டிச் சுட வேண்டும். தக்காளித் தோல் கறுத்து வெடித்து உள்ளே கொதிக்கிற சத்தம் வர பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பூண்டும் மிளகாயும் அதற்கு முன்பே ஆகிவிடும், அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள், பூண்டு கருகினால் சல்சா முழுக்கக் கசக்கும். ஆறினதும் பூண்டுத் தோலை உரித்துவிட்டு, தக்காளியின் கறுத்த தோலில் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக நசுக்க வேண்டும். மிக்ஸி என்றால் விட்டு விட்டு இரண்டே சுற்று, அதற்கு மேல் ஓடினால் சாஸ் ஆகிவிடும். உப்பு, அரை எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி மல்லித்தழை. அவ்வளவுதான். மெக்சிகோவில் இதை நசுக்க மோல்காஹேட்டே என்று மூன்று கால் வைத்த எரிமலைக்கல் உரல் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அம்மி இருக்கிறது, காரியம் ஒன்றுதான்.

அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த அம்மா, "இது சுட்ட தக்காளித் தொவையல்லா, இதுக்கா ரெண்டு நாளா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள். பாதி உண்மை. மிச்சப் பாதி என்னவென்றால், இதைத் தாளிக்கக் கூடாது. கடுகு, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் எதுவும் கிட்ட வரக் கூடாது, புளியும் வேண்டாம். நம் கை தன்னால் தாளிப்புக் கரண்டிக்குப் போகும், கையைக் கட்டிப்போடுங்கள். சுட்ட வாசமும் பச்சை எலுமிச்சையும் பச்சைக் கொத்தமல்லியும் சேர்வதுதான் அந்த ருசி. அதன் மேல் கடுகு வெடித்தால் நாக்கு உடனே இட்லியைத் தேடும்.

மிளகாய் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஹாலப்பினோ என்று பாட்டிலில் ஊறப்போட்டு விற்கிறதை நான் வாங்கவில்லை, அதில் காரத்தைவிட வினிகர்தான் தூக்கலாக இருக்கும். பஜ்ஜி மிளகாயைச் சுட்டு விதை எடுத்து நறுக்கினால் ஏறக்குறைய அந்தச் சதைப்பற்று கிடைத்துவிடும், காரத்துக்கு ஒரு பச்சைமிளகாயைச் சேர்த்துக்கொள்ளலாம். அக்கா புனலூரிலிருந்து ஒரு பொட்டலம் காந்தாரி மிளகாய் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்றே ஒன்று போட்டேன், சின்னவன் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டான். சிவப்பு நிறமும் அடர்த்தியும் வேண்டுமென்றால் காஷ்மீரி வற்றல் நான்கைந்தை வெறும் கல்லில் வாட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு அரைத்துச் சேர்க்கலாம். அவர்கள் ஊரிலும் காரம் குறைந்த பெரிய வற்றல்களை இப்படி வாட்டி ஊறவைத்துத்தான் அரைக்கிறார்கள். மிளகாயே அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்ததுதானே. தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி எல்லாமே அந்தக் கண்டத்துச் சரக்கு. அதனால்தான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு ரவுண்டு வந்தாலே பையில் முக்கால் மெக்சிகோ விழுந்துவிடுகிறது.

பச்சைச் சல்சா என்று ஒன்று உண்டு, அதற்கு டொமாட்டியோ என்கிற காய் வேண்டும், காகிதம் சுற்றிய மாதிரி உறைக்குள் இருக்கும். நம் வயல் வரப்பில் முளைக்கிற சொடக்குத் தக்காளிக்கு அது பெரியம்மா மகன் முறை, இரண்டும் ஒரே பேரினம். அதற்காக சொடக்குத் தக்காளியைப் பறித்து அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள், பச்சைக் காய் வயிற்றுக்கு ஆகாது. பச்சைச் சல்சா கட்டாயம் வேண்டுமென்றால் பாதி பழுத்த சாதாரணத் தக்காளியைச் சுட்டு எலுமிச்சையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்துகொள்ளுங்கள். நான் சிவப்போடு நின்றுகொண்டேன்.

இனி டாக்கோ. நான்கிலும் இதுதான் அதிகப் பாடுபடுத்தியது, அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சுலபமாக முடிக்கலாமே என்று திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் பாக்கெட் டார்ட்டியா, அதாவது டாக்கோவுக்கான ரொட்டி, வாங்கி வந்தோம். பிரித்தால் இரண்டின் ஓரத்தில் பச்சைப் பூசணம், தேதி என்னவோ இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. மிச்சத்தைச் சூடுபண்ணிப் பார்த்தால் அட்டை மாதிரி ஒரு விறைப்பு, மைதா வாசம். அத்தனை ரூபாய்க்கு ஒரு கிலோ கோழியே வாங்கியிருக்கலாம். கெடாமல் நல்லதாகவே கிடைத்தாலும் அது கோதுமை அல்லது மைதா டார்ட்டியாதான், டாக்கோவின் உயிரான மக்காச்சோளம் அதில் இல்லை. ஆகவே பாக்கெட்டை என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்து, மக்காச்சோள மாவு வாங்கி வா என்று சின்னவனை அனுப்பினால் கார்ன் ஃப்ளோர் பாக்கெட்டோடு வந்து நிற்கிறான். இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் நடக்கும், எனவே சொல்லிவிடுகிறேன்: கோபி மஞ்சூரியனுக்குப் போடுகிற வெள்ளை வெளேர் மாவு வெறும் ஸ்டார்ச், அதில் ரொட்டி வராது, பசைதான் வரும். நமக்கு வேண்டியது மஞ்சளாக இருக்கும் முழு மக்காச்சோள மாவு. சங்கரன்கோவில் பக்கம் சோளம் போடுகிற சொந்தக்காரர் வீட்டிலிருந்து இரண்டு கிலோ காய்ந்த மணி வந்தது. அந்தப் பக்கத்து மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது, மனுஷன் தின்னக் கேட்டதும் அவருக்கே ஆச்சரியம். அதை மாவு மில்லில் நைசாகத் திரித்துக்கொண்டோம். ஒரு எச்சரிக்கை, விதைக்கு என்று விற்கிற மணியைத் தொடாதீர்கள், அதில் மருந்து தடவியிருப்பார்கள்.

பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் மக்காச்சோள மாவு சேராது. சப்பாத்தி மாவுக்கு இருக்கிற இழுவை இதற்குக் கிடையாது, உருட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது, மடித்தால் இரண்டாகிறது. முதல் ஈடு முழுக்கக் கோழிக்குப் போட்டோம், ஆக அந்தச் சோளம் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு போன் போட்டால், "பத்திரிக்கு அரிசிமாவு வாட்டுற மாதிரி வாட்டு, பச்சத்தண்ணில பிசஞ்சா எப்படி வரும்" என்றாள். பத்திரி என்பது கேரளத்து அரிசிரொட்டி. அதுதான் வழி. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது, சலித்த மாவு ஒரு டம்ளரைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து மூடி, பத்து நிமிடம் கழித்துக் கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிசைய வேண்டும். ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்த்துக்கொண்டால் இன்னும் பத்திரம். எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு எண்ணெய்க் கவருக்கு நடுவில் வைத்துப் பூரி அமுக்கியில் அமுக்கி, நன்றாகக் காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம், சுட்டதும் துணியில் சுற்றி டப்பாவில் அடுக்கி வைக்க வேண்டும். துணிக்குள் வியர்க்கும்போதுதான் அது மடங்குகிற பதத்துக்கு வருகிறது. உள்ளங்கை அளவு போதும், பெரிதாகப் போட்டால் கவரிலிருந்து எடுக்கும்போதே கிழியும்.

இதையும் அசல் என்று சொல்ல முடியாது. அங்கே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள், நிக்ஸ்டமால் என்று பேர். சுண்ணாம்பு பட்டால்தான் சோளம் ஒட்டுகிற மாவாகிறது, அந்தத் தனி வாசமும் வருகிறது. அது போக, சோளத்தில் கட்டுண்டு கிடக்கிற நயாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேர்கிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் மட்டும் போய் இந்தச் சுண்ணாம்பு வித்தை போகாததால், சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழை ஜனங்களுக்குப் பெல்லக்ரா என்கிற நோய் வந்தது. நாம் மாதம் ஒருமுறை டாக்கோ தின்பதற்கு அந்தக் கவலை வேண்டாம். ஆசைக்கு நானும் ஒரு தடவை அரைக் கிலோ மணிக்கு ஒரு டீஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து, முக்கால் மணி நேரம் வேகவிட்டு, ராத்திரி ஊறவைத்து, நாலைந்து தண்ணீரில் அலசி, கிரைண்டரில் அரைத்தேன். கல் ஓட வேண்டுமே என்று தண்ணீர் தெளிக்கப் போய் மாவு அடைமாவு பதத்துக்கு இளகிவிட்டது, திரித்த மாவைச் சேர்த்துக் கட்டியாக்கினேன். ஆனால் அந்த வாசம் இருக்கிறதே, அது வேறு. வருடத்துக்கு ஒரு தடவை என்றால் மெனக்கெடலாம். பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது வேண்டாம்.

உள்ளே வைப்பதற்குக் கோழியை உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்துப் பிய்த்து, வாட்டி அரைத்த காஷ்மீரி விழுதில் புரட்டினோம். கறிமசாலா போடவில்லை, பட்டை கிராம்பு வந்தாலே பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். சீரகம் ஒரு சிட்டிகை போதும். ஆரிகனோ என்று பீட்சாவோடு வருகிற பொடியைத் தூவலாம் என்கிறார்கள், நான் அதற்குப் பதிலாகத் தொட்டியில் கிடக்கிற கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். ஆரிகனோ கிடைக்காத இடங்களில் பல நாட்டுக்காரர்கள் செய்கிற காரியம்தான் இது, அந்தச் செடிக்கு மெக்சிகன் மின்ட் என்றே ஒரு பேர் இருக்கிறது, பிறந்தது ஆப்பிரிக்கா பக்கம் என்றாலும். சைவம் என்றால் பலாப்பிஞ்சு. வேகவைத்துத் தட்டினால் கறி மாதிரியே நார் நாராக வரும், அதே விழுதில் புரட்டிக்கொள்ளலாம், மார்ச் மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளைகளைப் பார்க்க வந்த அத்தான் புனலூரிலிருந்து தேங்காய்க்கொத்து போட்ட பீஃப் உலர்த்தியது கொண்டு வந்திருந்தார். அதைச் சோள ரொட்டியில் வைத்து மேலே சல்சாவும் பச்சை வெங்காயமும் போட்டுக் கொடுத்தேன். மெக்சிகோ இல்லைதான், ஆனால் நான்கு நாளில் தின்றதில் அதுதான் முதல் பரிசு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாவிலிருந்துதான் அங்கே டாக்கோ அல் பாஸ்டோர் வந்தது, அதனால் அத்தானின் பீஃபை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை.

மொத்தக் கணக்கு பார்த்தால் டாக்கோவுக்கு இரண்டு மணி நேரம், இரண்டு ஆள், கழுவ ஒரு சிங்க் நிறையப் பாத்திரம். ருசியில் முதலிடம், சௌகரியத்தில் கடைசி. முதல்முறை செய்கிறவர்கள் இதில் தொடங்கி வெறுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் படுவது.

கேசடியா இதற்கு நேர் எதிர். சப்பாத்தியில் ஒரு பாதிக்கு மட்டும் சீஸ் துருவிப் போட்டு, வதக்கிய குடைமிளகாயோ மசித்த பயறோ கொஞ்சம் வைத்து, மடித்து, தோசைக்கல்லில் மிதமான தீயில் இரண்டு பக்கமும் சுட்டு, மூன்றாக வெட்டிக் கொடுத்தால் முடிந்தது. சப்பாத்தியில் செய்தால் போலி என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்பானியர்கள் கோதுமை கொண்டுபோன பிறகு மெக்சிகோவின் வடக்குப் பக்கம் கோதுமை டார்ட்டியாதான் அன்றாடச் சாப்பாடு. அதில் கொழுப்புச் சேர்த்துப் பிசைவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்களும் மாவில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விட்டுப் பிசைந்தால் மறுநாளும் மடங்கும். பரோட்டாவில் செய்து பார்க்கலாமே என்று சின்னவன் நச்சரித்தான், செய்தோம். பரோட்டாவே எண்ணெயில் குளித்தது, அதற்குள் சீஸும் உருகினால் இரண்டாவது துண்டு உள்ளே இறங்கவில்லை.

சீஸ் எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கட்டிக் கட்டியாக வரும் சாதாரண பிராசஸ்டு சீஸ் உருகும், ஆனால் இழுக்காது, உப்பும் ஏற்கெனவே தூக்கல், ஆகவே உள்ளே வைக்கிறதில் உப்பைக் குறையுங்கள். மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும், உப்பு ருசி குறைவு. இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் சரியாக இருக்கிறது. டாக்கோவுக்கும் சோற்றுக்கும் மேலே தூவ இந்த இரண்டுமே தேவையில்லை, பன்னீரை உதிர்த்து உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் அவர்களுடைய கேசோ ஃப்ரெஸ்கோ என்கிற உதிர் சீஸுக்குப் பக்கத்தில் போய்விடும், செலவும் குறைவு. புளித்த கிரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்.

கேசடியாவின் குறை என்னவென்றால், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கு வயிறு நிறையாது. இரண்டு தின்றதும் அப்பா, "சரி, சாப்பாடு எப்ப?" என்று கேட்டார்.

அப்பா கேள்விக்குப் பதில்தான் சோறு. மெக்சிகோச் சிவப்புச் சோறு என்பது நம் தக்காளிச் சாதத்தின் மச்சான், ஒரே ஒரு விஷயத்தில்தான் மாறுகிறது. அரிசியை முதலில் எண்ணெயில் வறுக்க வேண்டும். பொன்னிப் பச்சரிசி ஒரு டம்ளர் களைந்து, வடிய வைத்து, ஈரம் போனதும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஆறேழு நிமிடம், அரிசி வெளுத்து, அங்கங்கே பொன்னிறம் தட்டிச் சலசலவென்று சத்தம் வரும் வரை கிளறுங்கள். இரண்டு தக்காளி, பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு அரைத்த விழுதை ஊற்றி, பச்சை வாசம் போக வதக்கி, விழுதோடு சேர்த்து ஒன்றே முக்கால் டம்ளர் வருகிற மாதிரித் தண்ணீர், உப்பு. கொதித்ததும் தீயைத் தணித்து மூடிப் பதினைந்து நிமிடம், அணைத்த பிறகு பத்து நிமிடம் திறக்கவே கூடாது. மஞ்சள்தூள் கிடையாது, சோம்பு கிடையாது. குத்தரிசியில் முயற்சி செய்யாதீர்கள், அக்கா வீட்டில் மட்ட அரிசியில் செய்து தக்காளிக் கஞ்சி குடித்தார்கள்.

பயறு விஷயத்தில் ராஜ்மாவா, வேறா என்று ஒரு யோசனை வரும். ராஜ்மா அந்த நாட்டுச் சரக்கு, ருசி சரியாக இருக்கும், ஆனால் முந்தின ராத்திரியே நினைவு வைத்து ஊறப்போட வேண்டும், ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுவிடும், இது விளையாட்டில்லை, குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், குக்கரில் ஏழெட்டு விசில் என்றால் பயமில்லை. ஊறப்போட மறந்துவிட்டால் வன்பயறு இருக்கிறது, கஞ்சிக்குப் போடுகிற அதே சிவப்புத் தட்டாம்பயறு. ஊறாமலே நாலைந்து விசிலில் மசிந்துவிடும். எதுவானாலும் பூண்டும் வெங்காயமும் வதக்கி, வெந்த பயறைப் போட்டுக் கரண்டியால் பாதியை மசித்து, கொஞ்சம் வேகவைத்த தண்ணீரோடு சுண்டவிட வேண்டும். நான் வன்பயறுக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன். ருசியில் ராஜ்மா ஒரு படி மேலே என்பது தெரியும், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு பண்ணி எட்டு மணிக்குச் சாப்பிடுகிற வீடு எங்களுடையது.

கிண்ணத்தில் சோறு, அதன்மேல் பயறு, சுட்ட சோளக்கதிரில் உதிர்த்த மணி, கோழி இருந்தால் கோழி, பச்சை வெங்காயம், உதிர்த்த பன்னீர், கடைசியாகத் தாராளமாகச் சல்சா. முக்கால் மணி நேரம். அடுப்பில் மூன்று பாத்திரம். அப்பா இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். பெரியவள், "கொள்ளாம் சித்தி" என்றாள், அவள் வாயில் அது வந்தால் பெரிய விஷயம். முதல்முறை செய்கிறவர்கள் இதில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், இதில் எதுவும் கிழியாது, ஒட்டாது, ஆறினாலும் தின்னலாம், காரம் ஆகாதவர்களுக்குச் சல்சாவைத் தனியே வைத்துவிடலாம், மிஞ்சினால் மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் ஆகும்.

நாச்சோஸைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனால் அதன் கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் எல்லைக்கோட்டில் பிறந்த தீனி. அமெரிக்க எல்லையில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பியெத்ராஸ் நெக்ராஸ் என்று மெக்சிகோக்காரர்களின் ஊர். 1940களில் அந்தப் பக்கத்திலிருந்து சில பெண்கள் ஓட்டலுக்கு வந்தபோது சமையல்காரர் இல்லை. இக்னாசியோ அனாயா என்பவர் பொரித்த டார்ட்டியாத் துண்டுகளின்மேல் சீஸும் ஹாலப்பினோவும் போட்டுச் சூடுபண்ணிக் கொடுத்தார். இக்னாசியோ என்ற பேரைச் சுருக்கி நாச்சோ என்று கூப்பிடுவார்கள், அந்தப் பேரே நின்றுவிட்டது. பிரானூரும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. எல்லை மேற்கே கோட்டைவாசலுக்கு நகர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பரோட்டாவுக்குப் பேர் பார்டர் பரோட்டாதான்.

சோள நாச்சோ சிப்ஸ் பாக்கெட்டில் கிடைக்கிறது, மசாலா தூவாத வெறும் உப்புச் சிப்ஸாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மரச்சீனிக் கிழங்குச் சிப்ஸ். மரச்சீனியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் அதைப் பரப்பினார் என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. கனமாக வெட்டிய சிப்ஸ்தான் சல்சாவைத் தாங்கும், மெல்லியது ஒரே நிமிடத்தில் துவண்டுபோகும். நேந்திரங்காய்ச் சிப்ஸில் போட்டுப் பார்த்தோம், தேங்காய் எண்ணெய் வாசமும் சீஸும் ஒத்துப்போகவில்லை. குற்றாலத்தில் சீசன், வெளியே சாரல், ஒரு தட்டு சிப்ஸ், அதன்மேல் சல்சா, உருக்கிய சீஸ், பதினைந்து நிமிட வேலை, ஐந்து நிமிடத்தில் தட்டு காலி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதை நம்பாதீர்கள்.

பட்டர் ஃப்ரூட் வாங்குவதா வேண்டாமா என்பது கடைசி. அதை மசித்துச் செய்கிற குவாக்கமோலே இல்லாமல் என்ன மெக்சிகோ என்று பெரியவள் கேட்டாள். சீசனில், அதாவது தாண்டிக்குடி, கொடைக்கானல் கீழ்மலைப் பழம் ஜூலை, ஆகஸ்டில் வரும்போது வாங்குங்கள், ஒரு பழத்தை மசித்து உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், மல்லித்தழை போட்டால் போதும், மயோனைஸ் எல்லாம் சேர்த்துக் கெடுக்க வேண்டாம். காம்புப் பக்கம் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும், கல்லாக இருந்தால் அரிசிப் பானைக்குள் இரண்டு மூன்று நாள். சீசன் இல்லாதபோது வெளிநாட்டுப் பழம் ஒன்றுக்குக் கேட்கிற விலையில் நான்கு பேருக்குக் கோழி டாக்கோவே முடிந்துவிடும். நாங்கள் வாங்கிய ஒன்று வெட்டினால் உள்ளே கறுத்து நார் நாராக இருந்தது. பதிலுக்கு எதையாவது மசித்துப் பச்சையாகக் காட்டலாமே என்று பட்டாணி யோசனை வரும். செய்யாதீர்கள், இல்லாமலே சாப்பிடலாம்.

நாலாம் நாள் ராத்திரி ஒரு கிண்ணம் சல்சா மிஞ்சியது. காலையில் பிள்ளைகளைப் புனலூர் பஸ்ஸுக்குக் கிளப்புகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. அடுப்படிக்குள் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு அதன் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். தோசைக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரியவள் நாலு தோசை தின்றாள்.